யூ டோன்ட் நோ ஜாக் (நிகழ்பட ஆட்டம்)

யூ டோன்ட் நோ ஜாக் என்பது 1995 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஒரு நகைச்சுவை வினாடி வினா நிகழ்பட ஆட்டமும், அதனைத் தொடர்ந்து வெளிவந்த ஆட்ட வரிசையும் ஆகும். சிக்காகோ நகரைச் சேர்ந்த ஜெல்லிவிஷன் நிறுவனமும் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனமும் இணைந்து இதனை உருவாக்கின. தொலைக்காட்சிப் பரிசுப் போட்டி ஒன்றில் தாமே பங்கேற்பது போன்ற உணர்வை ஆடுபவர்களுக்குத் தருவதும், அத்தகைய போட்டிகளைக் கேலி செய்வதும் இவ்வாட்டத்தின் இரட்டை நோக்கங்களாகும். இதில் வெல்லும் பணம் உண்மைப் பணமன்று. பிற்காலப் பதிப்புகளில் கிடைக்கும் பரிசுப் பொருட்களோ எவரும் விரும்ப இயலாத அபத்தப் பொருட்கள்.

வினாடி வினா ஆட்டங்கள் கணினிக்குப் புதியவை அல்ல. கேள்வியைத் திரையில் காட்டி, விடையைப் பெற்று, சரியா தவறா என்று அறிவிக்கும் நிரல் ஒன்றினை முதலாண்டு மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். யூ டோன்ட் நோ ஜாக் அவற்றினின்று வேறுபடுவது அதன் தொகுப்பாளரால் ஆகும். முன்பே பதிவு செய்யப்பட்ட குரல் துண்டுகளின் தொகுப்பேயான அவர், ஆடுபவர்களைக் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, அவர்களைக் கிண்டல் செய்வது போலத் தோன்றுவார். இம்மாயை எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பது மென்பொருள் பயில்வோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

பெயர்

அமெரிக்க ஆங்கிலப் பேச்சு வழக்கில் "ஜாக்கைத் தெரியாது" என்றால் "ஒன்றுமே தெரியாது" என்று பொருள். கொச்சையான தொடர் ஒன்றின் சுருங்கிய வடிவம் இது. ஆகவே ஆட்டத்தின் பெயரே ஆடுபவரை நோக்கி "உனக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்று சொல்கிறது. ஆட்டம் முழுவதும் ஒலிக்கும் ஏளனத் தொனியைப் பெட்டியின் முகப்பிலேயே அறிவித்துவிட்டனர் எனலாம்.

தோற்றம்

ஹாரி காட்லீப் என்பவர் 1989 ஆம் ஆண்டில் சிக்காகோவில் லேர்ன் டெலிவிஷன் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பள்ளிகளுக்கான கல்விப் படங்களைத் தயாரிப்பதே அதன் பணி. 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த தி மைண்ட்ஸ் டிரெஷர் செஸ்ட் என்னும் படம் அவற்றுள் ஒன்று. ஜாக் என்ற பெயர் இந்நிறுவனத்தை அப்போதே பற்றிக்கொண்டது. அப்படத்தின் முதன்மைப் பாத்திரத்தின் பெயரும் ஜாக் தான்.

பின்னர் குறுந்தகடுகள் பரவலானபோது, மாணவர்களைப் புத்தகம் படிக்கத் தூண்டும் தட்ஸ் எ ஃபேக்ட், ஜாக்! என்னும் பல்லூடக வினாடி வினா வரிசையை இந்நிறுவனம் உருவாக்கியது. சிறுவர், இளையோர் நூல்களைப் பற்றிய கேள்விகளைத் தொலைக்காட்சிப் போட்டி வடிவில் கேட்பது அதன் முறையாகும். இதே காலத்தில் பெர்க்லி சிஸ்டம்ஸ், ஆஃப்டர் டார்க் என்னும் திரைக்காப்பு மென்பொருளால் புகழ்பெற்றிருந்தது. ரொட்டி வாட்டும் கருவிகள் சிறகு முளைத்துப் பறக்கும் அத்திரைக்காப்பை 1990களில் கணினி பயன்படுத்திய பலர் நினைவில் வைத்திருப்பர். வளர்ந்தவர்களுக்கான வினாடி வினா ஆட்டம் ஒன்று வேண்டும் என்று அந்நிறுவனம் கேட்டதன் விளைவே யூ டோன்ட் நோ ஜாக். 1995 ஆம் ஆண்டிலேயே லேர்ன் டெலிவிஷன் தன் பெயரை ஜெல்லிவிஷன் என்று மாற்றிக்கொண்டது.

பள்ளிக்கூடத்திற்கான கருவி ஒன்று சில ஆண்டுகளில் வசைச் சொற்களும் கேலியும் நிறைந்த விருந்து ஆட்டமாக மாறியது விந்தையே. எனினும் அடித்தளம் மாறவில்லை. கவனம் சிதறும் மாணவரைக் கேள்வியின்பால் இழுத்துப் பிடிப்பதற்குக் கற்றுக்கொண்ட உத்திகளே இங்கும் பயன்பட்டன.

ஆட்ட முறை

முதற் பதிப்பில் ஒருவர் முதல் மூவர் வரை ஒரே விசைப்பலகையைச் சுற்றி அமர்ந்து ஆடலாம். விசைப்பலகையின் இடப்புறம், நடு, வலப்புறம் ஆகிய இடங்களில் உள்ள ஒவ்வொரு எழுத்து விசை ஒவ்வொருவருக்கும் அழைப்பு மணியாக ஒதுக்கப்படும். ஆட்டம் 7 கேள்விகளைக் கொண்டதாகவோ 21 கேள்விகளைக் கொண்டதாகவோ அமையலாம். பெரும்பாலான கேள்விகளுக்கு நான்கு விடைகள் தரப்படும். முதலில் மணியை அழுத்தியவர் விடையளிப்பார். சரியெனில் கேள்விக்குரிய தொகை அவர் கணக்கில் சேரும். தவறெனில் அதே தொகை கழியும்.

ஒவ்வொருவரிடமும் ஒரு திருகாணி உண்டு. எதிராளிக்கு விடை தெரியாது என்று ஒருவர் கருதினால் அத்திருகாணியைப் பயன்படுத்தி, சில நொடிகளுக்குள் விடை சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்தலாம். எதிராளி தவறினால் நட்டம் அவருக்கு. சரியாகச் சொல்லிவிட்டாலோ கட்டாயப்படுத்தியவருக்கே நட்டம். திருகாணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு "ஒருவரை மாட்டிவிடுதல்" என்ற கொச்சைப் பொருளும் உண்டு என்பதால் இப்பெயர் வந்தது. பொது அறிவை மட்டுமன்றி, அருகில் அமர்ந்திருக்கும் நண்பரின் அறியாமையையும் அளந்து வைத்திருக்க வேண்டிய தேவையை இச்சிறு விதி உண்டாக்குகிறது.

கேள்விகளின் தன்மையே ஆட்டத்தின் உயிர். "உயர் பண்பாடும் வெகுமக்கள் பண்பாடும் மோதிக்கொள்ளும் இடம்" என்ற பொருளில் இவ்வாட்டம் விளம்பரம் செய்யப்பட்டது. இலக்கியம், அறிவியல், வரலாறு ஆகியவற்றைச் சார்ந்த தகவல் ஒன்றினைத் தொலைக்காட்சித் தொடர், துரித உணவு, கேலிச்சித்திரம் போன்ற ஒன்றினுள் பொதிந்து கேட்பது இதன் பாணி. விளக்கத்திற்காக இங்கே ஆக்கப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு: "லியர் மன்னன் தன் நாட்டைப் பங்கிடுவது ஒரு தொலைக்காட்சிப் பரிசுப் போட்டி என்று கொள்வோம். ஒன்றும் பெறாமல் வெறுங்கையுடன் வீடு திரும்பும் போட்டியாளர் யார்? கொனெரில், ரீகன், கார்டெலியா, சிண்டரெல்லா." சேக்சுபியரின் நாடகத்தைப் படித்தவருக்குக் கார்டெலியா என்ற விடை எளிது. ஆனால் கேள்வியின் வேடிக்கை உடையைக் களைந்து, உள்ளே கேட்கப்படுவது எது என்று கண்டுகொள்வதற்குள் நொடிகள் ஓடிவிடும். அறிவு மட்டும் போதாது, வேகமாகப் படித்துப் பொருள்கொள்ளும் திறனும் வேண்டும்.

சிறப்புக் கேள்விகள்

வழக்கமான கேள்விகளுக்கிடையே வேறு வகைக் கேள்விகளும் வரும். அவற்றுள் ஒன்று "உளறல் கேள்வி". பொருளற்ற சொற்றொடர் ஒன்று திரையில் தோன்றும். அதன் ஓசை, யாவரும் அறிந்த பழமொழி அல்லது தொடர் ஒன்றின் ஓசையை ஒத்திருக்கும். மூலத்தைக் கண்டுபிடித்து விசைப்பலகையில் தட்டச்சிட வேண்டும். நேரம் செல்லச் செல்லக் குறிப்புகள் கிடைக்கும். பரிசுத் தொகையும் குறைந்துகொண்டே வரும். எதுகைக்குப் பழகிய தமிழ் வாசகர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று: "பூனை தரும் கண்ணே, சனி தோசை தரும் விண்ணே" என்பது உளறல் என்றால், அதன் மூலம் யானையையும் மணியோசையையும் பற்றிய நம் பழமொழி. (இதுவும் விளக்கத்திற்காக ஆக்கப்பட்டதே.) எளிது போலத் தோன்றினும், கண் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில் காது மூலத்தைப் பிடிக்க மறுக்கும். உரக்கப் படிப்பவர்களே பெரும்பாலும் வெல்வர்.

"இதுவா அதுவா" என்னும் வகையில் ஒருவர் மட்டும் 30 நொடிகளில் ஏழு பெயர்களை இரு வகைகளாகப் பிரிக்க வேண்டும். வகைகள் ஒன்றுக்கொன்று சற்றும் தொடர்பற்றவை. இத்தாலிய மாவுணவின் பெயரா, மேலை இசையின் வேகத்தைக் குறிக்கும் சொல்லா என்று கேட்டு, ஆந்தாந்தே, ஓர்சோ, லார்கோ, ரிகத்தோனி என்று அடுக்கினால் எப்படியிருக்குமோ அப்படி. (ஆந்தாந்தேயும் லார்கோவும் இசைச் சொற்கள்.)

இறுதிச் சுற்றுக்கு ஜாக் அட்டாக் என்று பெயர். இதில் விடைத் தெரிவுகள் நான்காக அடுக்கப்படுவதில்லை. ஒரு சொல் திரையின் நடுவில் நிற்க, வேறு சொற்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தோன்றி மறையும். முன்னரே தரப்பட்ட குறிப்பின்படி இரண்டும் பொருந்தும் கணத்தில் மணியை அழுத்த வேண்டும். பின்தங்கியவர் முந்துவதும் முன்னணியில் இருந்தவர் பதற்றத்தில் அனைத்தையும் இழப்பதும் இச்சுற்றில் இயல்பு.

தவறான விடைக்குப் பரிசு

அமெரிக்கப் பரிசுப் போட்டிகளில் விளம்பரதாரரும் பரிசுப் பொருளும் பிரிக்க இயலாதவை. போட்டியின் நடுவே அறிவிப்பாளர் குளிர்பதனப் பெட்டியையோ தளபாடத்தையோ புகழ்ந்துரைப்பது அங்கு நெடுநாள் வழக்கம். 1950களில் ட்வென்டி ஒன் முதலிய போட்டிகளில் விடைகள் முன்கூட்டியே பங்கேற்பாளருக்குச் சொல்லித்தரப்பட்டது அம்பலமாகி, 1959 இல் அந்நாட்டுப் பேராயம் விசாரணை நடத்தியது. அடுத்த ஆண்டு அத்தகைய மோசடி சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. எனவே இந்நிகழ்ச்சிகளின் பளபளப்பின் மீது ஐயமும் நகைப்பும் கலந்த பார்வை ஒன்று அங்கு நிலவிவந்தது.

அபத்தப் பரிசும் அங்கு புதிதன்று. 1963 ஆம் ஆண்டில் தொடங்கிய லெட்ஸ் மேக் எ டீல் நிகழ்ச்சியில் திரைக்குப் பின்னால் மகிழுந்து இருக்கலாம், அல்லது கழுதையோ பழைய தட்டுமுட்டுப் பொருளோ இருக்கலாம். அந்நிகழ்ச்சியின் தொகுப்பாளர் மான்ட்டி ஹாலின் பெயரால் வழங்கும் நிகழ்தகவுப் புதிரைக் கணித மாணவர்கள் அறிவர். அப்புதிரில் இரு கதவுகளுக்குப் பின்னால் நிற்கும் ஆடுகள் இந்த வேடிக்கைப் பரிசு மரபில் வந்தவையே.

யூ டோன்ட் நோ ஜாக் ஆட்டத்தின் 1990களின் பதிப்புகளில் ஆட்டம் முடிந்தபின் போலி வானொலி விளம்பரங்கள் ஒலிக்கும். அவற்றைக் கேட்பதற்காகவே வெளியேறாமல் காத்திருந்தவர்கள் உண்டு. 2011 ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்கேலி ஆட்ட விதியாகவே மாற்றப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும், இல்லாத நிறுவனம் ஒன்று அன்றைய விளம்பரதாரராக அறிவிக்கப்படும். கேள்விகளின் தவறான விடைகளுள் ஏதோ ஒன்று அந்நிறுவனத்தின் தொழிலுடன் மறைமுகமாகத் தொடர்புடையதாக இருக்கும். அதனைத் தெரிவு செய்பவருக்குப் பெருந்தொகையும் விசித்திரமான பரிசுப் பொருள் ஒன்றும் கிடைக்கும். இதற்கு "இந்த ஆட்டத்தின் தவறான விடை" என்று பெயர்.

மேலே கண்ட லியர் மன்னன் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அப்பகுதியின் விளம்பரதாரர் கண்ணாடிக் காலணி விற்கும் கடை என்று தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டிருந்தால், சிண்டரெல்லா என்ற தவறான விடையே பரிசுக்குரியதாகும்; பரிசாக இடக்காலுக்கு மட்டுமான நூறு காலணிகள் கிடைக்கலாம். விடை தெரியாத ஒருவர் உளறிக் கொட்டியும் வெல்லக்கூடும்; விடை நன்கு தெரிந்த ஒருவர் அதை விடுத்துத் தவறான விடையைத் துணிந்து அழுத்தவும் கூடும். அவர் ஊகம் பிழையாயின் இழப்பு உறுதி. சரியான விடைக்கு மட்டுமே மதிப்பு என்ற வினாடி வினாவின் அடிப்படை விதியையே இது அசைத்துப் பார்க்கிறது. வெறும் வேடிக்கையாகத் தோன்றும் இவ்விதி, விளம்பர அறிவிப்புகளை எவரும் காதில் வாங்குவதில்லை என்ற உண்மையையும் தலைகீழாக்குகிறது: இங்கு விளம்பரத்தைக் கூர்ந்து கேட்பவரே பயனடைவர்.

தொகுப்பாளர் என்னும் மாயை

முதற் பதிப்பின் தொகுப்பாளரான நேட் சபீரோ என்ற பாத்திரத்திற்கு ஹாரி காட்லீப்பே குரல் கொடுத்தார். பின்வந்த பதிப்புகளில் டாம் காட்லீப் குரல் கொடுத்த குக்கி மாஸ்டர்சன், ஃபில் ரிடரெல்லி குரல் கொடுத்த ஷ்மிட்டி ஆகியோர் பெரிதும் அறியப்பட்டவர்கள். இவர்களுள் எவரது முகமும் ஆட்டத்தின்போது திரையில் காட்டப்படுவதில்லை. கரிய பின்னணியில் அசையும் எழுத்துகளும் எண்களுமே திரை முழுவதும். 1995 ஆம் ஆண்டில் பிற நிறுவனங்கள் குறுந்தகடுகளில் தெளிவற்ற நிகழ்படங்களைத் திணித்துக்கொண்டிருந்தபோது, முகத்தைக் கைவிட்டுக் குரலை மட்டும் நம்பியது துணிச்சலான முடிவு. அசைவு தடைபடும் முகம் பொய்யென்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். தெளிவான குரலோ அறைக்குள் ஆள் இருப்பதாக நம்பவைக்கும்.

இதற்குக் கையாளப்பட்ட உத்திகளை ஹாரி காட்லீப் பின்னர் "ஜாக் கொள்கைகள்" என்ற பெயரில் எழுதி வெளியிட்டார். மனித-கணினி ஊடாட்டத்தில் ஆர்வமுள்ளோர் தேடிப் படிக்கத்தக்க ஆவணம் அது. அதன் சாரத்தை மூன்று கேள்விகளாகக் கொள்ளலாம்: உரையாடலின் வேகத்தை எவ்வாறு காப்பது? கணினிக்கு ஆளைப் பற்றிய உணர்வு இருப்பதாக எவ்வாறு தோன்றச் செய்வது? அத்தோற்றம் கலையாமல் எவ்வாறு பார்த்துக்கொள்வது?

வேகத்தைக் காக்க, எந்நேரத்திலும் ஆடுபவருக்கு ஒரே ஒரு பணி மட்டுமே தரப்பட வேண்டும் என்கிறார் காட்லீப். தெரிவுகள் குறைவாகவும் பொருளுள்ளவையாகவும் இருக்க வேண்டும். தான் என்ன செய்ய வேண்டும் என்ற ஐயம் ஒரு கணமும் ஆடுபவருக்கு எழக்கூடாது. அவர் ஒன்றும் செய்யாவிட்டால் நிரல் காத்துக்கிடக்கக் கூடாது. தானே அடுத்த கட்டத்திற்கு நகர்ந்துவிட வேண்டும். அக்காலத்து மென்பொருட்களில் பட்டியலும் பொத்தானும் நிறைந்து, பயனரின் சொடுக்குக்காகக் கணினி எத்தனை மணி நேரமும் அசையாமல் காத்திருந்ததை எண்ணினால் இதன் புதுமை விளங்கும். மனிதர் எவரும் அவ்வாறு வாயைத் திறந்தபடி காத்திருப்பதில்லை அல்லவா!

உணர்வுள்ளது போலத் தோன்றச் செய்வது அடுத்த படி. ஆடுபவர் செய்வதற்கு மட்டுமன்றி, செய்யாததற்கும் தொகுப்பாளர் எதிர்வினை ஆற்றுவார். பெயரைத் தட்டச்சிடத் தாமதித்தால் தாமே ஒரு பெயரைச் சூட்டிவிடுவார். மிகவும் முன்னணியில் உள்ள ஒருவர், இருப்பதைக் காத்துக்கொள்ள எண்ணி மணியை அழுத்தாமல் ஒதுங்கியிருந்தால், பார்வையாளர் கூட்டம் அவரைக் கோழை என்று கூவும். கேள்வியின் ஒவ்வொரு தவறான விடைக்கும் தனித்தனி ஏளன மறுமொழி எழுதப்பட்டிருக்கும். எனவே "தவறு" என்ற ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. தட்டச்சிட வேண்டிய கேள்வியில் ஒருவர் குறிப்பிட்ட வசைச் சொல்லை உள்ளிட்டால் தொகுப்பாளர் சினந்து பெருந்தொகையைக் கழிப்பார். மேலும் மேலும் வைதால் ஆட்டத்தையே முடித்துவிடுவார். வெறும் எழுத்துச்சர ஒப்பீடு ஒன்றினால் விளையும் இந்நிகழ்வு, முதன்முறை கண்டவர்களைத் திடுக்கிட வைத்தது. இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க மனிதர் முதலில் என்ன செய்வர் என்பதை எழுதியவர்கள் முன்கூட்டியே கணித்திருந்தனர்.

மாயையைக் காப்பதுதான் பொறியியல் நோக்கில் கடினமானது. ஒரே வாக்கியத்தை ஒரே தொனியில் இருமுறை கேட்டால் எதிரில் இருப்பது இயந்திரம் என்பது புலப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு சூழலுக்கும் பல மாற்று வாக்கியங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். எத்தனை பேர் ஆடுகின்றனர் என்பதற்கேற்பச் சொற்கள் மாற வேண்டும்; ஒருவர் தனியே ஆடும்போது "உங்களுள் யார்" என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். துண்டு துண்டாகப் பதிவு செய்தவை ஒட்டு தெரியாமல் இணைய வேண்டும்.

இவற்றையெல்லாம் 650 மெகாபைட்டு கொள்ளளவுள்ள குறுந்தகட்டில் அடக்குவது எளிதன்று. இசைக் குறுந்தகட்டின் ஒலித்தரத்தில் ஏறத்தாழ 64 நிமிடங்களுக்கே இடமுண்டு. இரட்டைத் தடத்தை ஒற்றைத் தடமாக்கி, நொடிக்கு 44,100 மாதிரிகளை 22,050 ஆகக் குறைத்து, ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட்டுகளுக்குப் பதிலாக 8 பிட்டுகளை ஒதுக்கினால், தேவை எட்டில் ஒன்றாகி, ஏறத்தாழ எட்டரை மணி நேரப் பேச்சு கிடைக்கும். அக்காலப் பல்லூடக மென்பொருட்கள் பொதுவாக இத்தகைய சமரசங்களையே செய்துகொண்டன. மேலும், குறுந்தகட்டில் வேறோர் இடத்திலுள்ள கோப்பைத் தேடிச் செல்ல இயக்கிக்கு உணரத்தக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மறைக்காவிட்டால் தொகுப்பாளரின் பேச்சு திக்கும். கேள்வி எண்ணை அறிவிக்கும் சிறு பாட்டு, அசைபடம் போன்றவை காதுக்கு இன்பமூட்டுவதோடு இத்தகைய இடைவெளிகளை நிரப்பவும் ஏற்றவை.

மனிதரோடு கணினி உரையாடும் மாயைக்கு இதனினும் பழைய எடுத்துக்காட்டு, மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வெய்சன்பாம் 1966 ஆம் ஆண்டில் விவரித்த எலிசா என்னும் நிரலாகும். எலிசா பயனரை எதை வேண்டுமானாலும் தட்டச்சிட அனுமதித்தது. அதனாலேயே சில வரிகளுக்குள் தடுமாறவும் செய்தது. காட்லீப்பின் வழி இதற்கு நேர்மாறானது. ஆடுபவர் செய்யக்கூடியவற்றை மிகவும் குறுக்கிவிட்டு, அக்குறுகிய எல்லைக்குள் நிகழக்கூடிய அனைத்துக்கும் மனித எழுத்தாளர்களே மறுமொழி எழுதி வைத்தனர். 2020களில் பரவலான பெரும் மொழி மாதிரிகள் தம் சொற்களைத் தாமே உண்டாக்குகின்றன. ஜாக்கின் தொகுப்பாளரோ ஒரு சொல்லும் தாமாகப் பேசியதில்லை. ஆயினும் சரியான நேரத்தில் சொல்லப்படும் முன்னெழுதிய நகைச்சுவை, தாமதித்து வரும் புத்திசாலித்தனமான விடையைவிட உயிருள்ளதாகத் தோன்றும் என்பது இவ்வாட்டத்தை ஒருமுறை ஆடியவர்க்கு விளங்கும்.

பிற மொழிகளில்

பிரித்தானியா, செருமனி, பிரான்சு, சப்பான் ஆகிய நாடுகளுக்கெனத் தனிப் பதிப்புகள் வெளிவந்தன. இவற்றை மொழிபெயர்ப்புகள் என்று கூறுவது பொருந்தாது. உளறல் கேள்வியின் ஓசை வேறு மொழிக்குச் செல்லாது. அமெரிக்கக் காலையுணவுப் பொட்டலங்களைப் பற்றிய கேலி வேறு நாட்டில் எடுபடாது. ஆகவே ஆட்டத்தின் சட்டகத்தை வைத்துக்கொண்டு கேள்விகளைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. பிரித்தானியாவிற்கு மொழி மாறாத போதிலும் தனிப் பதிப்பு தேவைப்பட்டது என்பதே பொது அறிவு எந்த அளவுக்கு ஊர் சார்ந்தது என்பதைக் காட்டும். செருமானியப் பதிப்பில் ஆக்செல் மால்சாகர் குரல் கொடுத்த தொகுப்பாளரின் பெயரே ஜாக். அமெரிக்க மரபுத்தொடரை அறியாத நாட்டில் "உனக்கு ஜாக்கைத் தெரியாது" என்பது நேர்ப்பொருளிலேயே விளங்கிக்கொள்ளப்படும் என்பதால், அப்பெயரில் ஒருவரை உண்டாக்கிவிடுவது நல்ல தீர்வே. தமிழ் உட்பட எந்த இந்திய மொழியிலும் இதன் பதிப்பு வெளிவந்ததாகத் தெரியவில்லை.

வரிசையின் வளர்ச்சியும் இடைவெளியும்

1996 முதல் 2000 வரை ஏறத்தாழ ஆண்டுதோறும் புதிய பதிப்புகள் வெளிவந்தன. விளையாட்டு, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கெனத் தனிக் குறுந்தகடுகளும், பதின்ம வயதினருக்கான ஹெட்ரஷ் என்னும் கிளை ஆட்டமும் அவற்றுள் அடங்கும். 1996 ஆம் ஆண்டில் இணையம் வழியாக ஆடத்தக்க நெட்ஷோ தொடங்கப்பட்டது. தொலைபேசி இணைப்பில் ஒலிக்கோப்புகளைப் பதிவிறக்கி ஆடிய அக்காலத்தில் இது முன்னோடி முயற்சியாகும். இக்கேள்விகளுக்கிடையே தோன்றிய விளம்பரங்கள் மட்டும் போலியல்ல. உண்மை நிறுவனங்கள் பணம் செலுத்தியவை.

ஜெல்லிவிஷனின் இதே திறமை நேர்மையான போட்டி ஒன்றுக்கும் பயன்பட்டது. 1999 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர் கணினி ஆட்டத்தை உருவாக்கியது இந்நிறுவனமே. விஜய் தொலைக்காட்சியில் 2012 ஆம் ஆண்டில் நடிகர் சூர்யா தொகுத்து வழங்கிய நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி, அந்நிகழ்ச்சியின் தமிழ் வடிவம் ஆகும்.

2001 ஆம் ஆண்டு கோடையில் ஏபிசி தொலைக்காட்சி யூ டோன்ட் நோ ஜாக்கை உண்மையான தொலைக்காட்சி நிகழ்ச்சியாக்கியது. பீ-வீ ஹெர்மன் பாத்திரத்தால் அறியப்பட்ட பால் ரூபன்ஸ், டிராய் ஸ்டீவன்ஸ் என்ற தொகுப்பாளராக நடித்தார். ஆறு பகுதிகளுடன் நிகழ்ச்சி நின்றுபோனது. தொலைக்காட்சியைக் கேலி செய்யப் பிறந்த ஆட்டம் தொலைக்காட்சிக்கே சென்றபோது எடுபடாமற் போனதில் வியப்பில்லை. வீட்டிலிருப்பவரை நோக்கி "உன்னைத்தான் சொல்கிறேன்" என்று பேசிய குரல், அங்கு மேடையில் நிற்கும் வேறு யாரையோ நோக்கிப் பேசியது.

அதே ஆண்டில் ஜெல்லிவிஷன் பெரும் ஆட்குறைப்புச் செய்து ஆட்டத் துறையிலிருந்து பெரும்பாலும் விலகியது. எஞ்சியவர்கள் ஜாக் கொள்கைகளை வணிக மென்பொருளில் பயன்படுத்தலாயினர். ஊழியர்களுக்குக் காப்பீடு, சலுகைகள் முதலியவற்றை உரையாடல் வடிவில் விளக்கும் அலெக்ஸ் என்னும் மென்பொருள் அவற்றுள் பெயர்பெற்றது. காப்பீட்டுப் படிவத்தை நகைச்சுவையுடன் விளக்கும் ஒரு குரல், உளறல் கேள்வி கேட்ட குரலின் வழித்தோன்றல் என்பதைப் பயனர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

மீட்சி

ஆட்டங்களுக்கான பிரிவு 2008 ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் டிஎச்கியூ நிறுவனம் வழியாகப் புதிய யூ டோன்ட் நோ ஜாக், தொலைக்காட்சியுடன் இணைக்கும் ஆட்டக் கருவிகளுக்கும் கணினிக்கும் வெளியானது. குக்கி மாஸ்டர்சன் தொகுப்பாளராகத் திரும்பினார். இதில் மணியை முதலில் அழுத்தும் போட்டி கைவிடப்பட்டு, அனைவரும் விடையளிக்க, விரைவுக்கேற்பத் தொகை மாறும் முறை கொண்டுவரப்பட்டது. கேள்விகள் தற்செயலாகக் கலக்கப்படாமல் 73 பகுதிகளாக நிலையான வரிசையில் அமைக்கப்பட்டன. அடுத்து வருவது எது என்று எழுத்தாளருக்குத் தெரிவதால் முதற் கேள்வியில் சொன்ன ஒன்றைப் பத்தாம் கேள்வியில் நினைவூட்டிச் சிரிக்க வைக்க முடிந்தது. விளம்பரதாரர் விதியும் இதனாலேயே இயலுவதாயிற்று. ஆனால் ஒரு பகுதியை ஒருமுறை ஆடியபின் அது தீர்ந்துவிடுகிறது. இக்குறை எல்லா வினாடி வினா ஆட்டங்களுக்கும் உரியதே எனினும், நகைச்சுவையும் சேர்ந்திருப்பதால் இங்கு இழப்பு இருமடங்கு.

டிஎச்கியூ நிறுவனம் 2012 டிசம்பரில் திவால் மனு அளித்து, அடுத்த மாதமே பிரித்து விற்கப்பட்டது. ஆட்டப் பிரிவு 2013 ஆம் ஆண்டில் ஜாக்பாக்ஸ் கேம்ஸ் என்று பெயர் மாறியது. 2014 நவம்பரில் வெளிவந்த முதல் ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக் தொகுப்பில் யூ டோன்ட் நோ ஜாக் 2015 இடம்பெற்றது. இதில் ஆடுபவர்கள் தத்தம் கைப்பேசியின் உலாவியில் ஒரு முகவரியைத் திறந்து, திரையில் காணும் குறியீட்டை உள்ளிட்டு இணைகின்றனர். ஒரு விசைப்பலகையை மூவர் முழங்கையால் இடித்துக்கொண்டு பகிர்ந்த நிலை இதனுடன் முடிந்தது. 2018 ஆம் ஆண்டின் ஐந்தாம் தொகுப்பில் வெளியான ஃபுல் ஸ்ட்ரீம் என்னும் பதிப்பில் எட்டுப் பேர் வரை ஆடலாம். அதில் கேலிக்குள்ளாவது தொலைக்காட்சி நிலையமன்று. பின்ஜ்பைப் என்னும் கற்பனை இணைய ஓடை நிறுவனம். 2020 ஆம் ஆண்டின் கொரோனா முடக்கக் காலத்தில் காணொலி அழைப்புகள் வழியே நண்பர்கள் கூடி ஆடியதால் இத்தொகுப்புகள் புதிய பரவலைப் பெற்றன.

1990களின் பதிப்புகள் பல 2013 ஆம் ஆண்டில் ஸ்டீம் தளத்தில் மறுவெளியீடு பெற்றன. அவற்றை இப்போது ஆடுவோர்க்குச் சேக்சுபியரைப் பற்றிய பாதிக் கேள்வி எளிதாகவும், அதன் மேல் போர்த்தப்பட்ட 1990களின் தொலைக்காட்சித் தொடர் பற்றிய பாதி புதிராகவும் இருக்கக்கூடும். எழுதப்பட்ட காலத்தில் இது பெரும்பாலும் தலைகீழாகவே இருந்தது.